ஐந்தாவது ஆள்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

கவரைப் பார்த்ததும் அரசாங்கத்திலிருந்து ஏதோ நோட்டீஸ் என்று நினைத்திருப்பாய். கவர் மட்டும்தான் அலுவலகத்துடையது. எழுதுவது நான்தான், உன் தம்பி. மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் செய்தேன். ஆறு வருடம் கழித்து எழுதுகிறவன் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். ஆனால் உன் வீட்டு நலமெல்லாம் நீ சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன நவம்பரில் உன் வீட்டுக்கு ஒரு பெண் கணக்கெடுக்க வந்திருப்பாள். அவள் நிரப்பிய படிவம் இப்போது என் மேசையில் இருக்கிறது. எல்லாப் படிவமும் என்னிடம் வருவதில்லை. முன்னுக்குப் பின் முரணாக இருப்பதைக் கணினி தனியாகப் பிரித்துக் கொடுக்கும். அதைச் சரிபார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. மண் தரை, தகரக் கூரை, விறகடுப்பு, தெருக்கோடியில் பொதுக் கழிப்பறை, தண்ணீர் எடுத்து வர முக்கால் மணி நேரம். அதே வீட்டில் பதினேழு வருடம் படித்த ஓர் அரசு அதிகாரி. அந்தப் பெண் எதையோ தப்பாக அழுத்திவிட்டாள் என்று நினைத்துத்தான் திறந்தேன். ஐந்தாவது வரியில் என் பெயர் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் அவளே ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். வீட்டுக்காரர் பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது, அறுவை செய்யவில்லை, எழுந்து நடப்பதில்லை என்று. மாமா விழுந்த விஷயம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையை விட்டு எழுந்து போய்விட்டேன்.

அக்கா, நான் எழுதுவது இதற்காகத்தான். நாங்கள் யாருடைய வருமானத்தையும் கேட்பதில்லை. ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வீட்டில் என்னென்ன இல்லை என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறோம். மொத்தம் பதினெட்டு. ஆறோ அதற்கு மேலோ வந்தால் அது ஏழை வீடு. ஏழை வீட்டுக்கு மருத்துவ அட்டை உண்டு. அது இருந்தால் மாமாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் இலவசமாக அறுவை செய்துவிடுவார்கள். உன் வீட்டுக்கு வந்திருப்பது ஐந்து. வீட்டில் ஆறாம் வகுப்பு முடித்தவர் ஒருவர்கூட இல்லை என்றால் அதற்கு மட்டும் தனியாக மூன்று உண்டு. நீ ஐந்தாவது, மாமா மூன்றாவது, பிள்ளைகள் சின்னவர்கள். அந்த மூன்றும் உனக்குக் கிடைத்திருக்கும். நான் உன் வீட்டில் இருப்பதாக நீ சொன்னதால் கிடைக்காமல் போய்விட்டது.

உங்கள் பகுதி மேற்பார்வையாளரிடம் போய், இவர் எங்களோடு இல்லை, தவறுதலாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடு. மறுவிசாரணைக்கு ஆள் வருவார்கள். ஒரு வரியை எடுத்தால் போதும். மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள்.

அன்று நடந்ததைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். இந்தக் கடிதத்தில் அது வேண்டாம்.

உன் தம்பி


பிப்ரவரி 23

உயர்திரு அதிகாரி ஐயா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கவரைப் பார்த்து உன் மாமா எழுந்து உட்காரப் பார்த்தார். வலி வந்ததுதான் மிச்சம். நீ எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. கரண்டு பில் சமாச்சாரம் என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன்.

பதினெட்டுக்கு ஐந்தா? பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையில் ஒரு மார்க்கில் கோட்டை விடுவது எனக்குப் பழக்கம்தான். ஏழை என்று பாஸாவதிலும் ஒரு மார்க்கில் கோட்டை விடுவேன் என்று நினைக்கவில்லை. அம்மா போனதும் என்னை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். ஆறாவது போகாததற்கு இருபத்தைந்து வருடம் கழித்து மூன்று மார்க் தருகிறீர்களாம். அதையும் நீ வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாயாம். நல்லது.

அன்று நடந்தது வேண்டாம் என்கிறாய். எனக்கு வேண்டும்.

அன்று நான் வாசலில் உட்கார்ந்து சட்டைக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர்களைத் தெரியவில்லை. கடைசியாக நீ இறங்கினாய். ரெண்டு வருடமாக முகம் காட்டாதவன், புதுச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பெரியவளுக்கு அப்போது ரெண்டு வயது, அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். "டேய் குச்சி" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். நீ என் வாசலில் வந்து நின்று, கையில் இருந்த கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாய்.

பெயரைச் சொன்னேன். என்ன செய்யச் சொல்கிறாய்? உன்னோடு வந்த நாலு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நீ கேட்டாய், நான் சொன்னேன். எத்தனை பேர், என்ன அடுப்பு, எங்கே தண்ணீர். உன் கூட வந்த பெரிய அதிகாரி, குடும்பத்தில் யாராவது மேல்படிப்பு படித்திருக்கிறார்களா என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். "யாரும் இல்லீங்க சார்" என்று சொன்னேன். தண்ணீர் கொடுக்க வீட்டில் மூன்று டம்ளர்தான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் ரெண்டு வாங்கி வந்தேன். நீயும் குடித்தாய். குடித்துவிட்டு "ரொம்ப நன்றிம்மா" என்றாய். அதற்கப்புறம் வரவே இல்லை. கொஞ்ச நாளில் மணியார்டர் அனுப்பினாய், திருப்பி அனுப்பினேன். அது உனக்கும் எனக்கும் தெரியும்.

அன்று உனக்காக யாரும் இல்லை என்று ஒரு தடவை சொல்லியாயிற்று. இப்போது உன் ஆபீசில் இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறாய். போன நவம்பரில் அந்தப் பெண் வீட்டு ஆட்களைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அதில் ஒரு தப்பும் இல்லை. மேற்பார்வையாளரிடம் நான் போகப் போவதில்லை. மாமாவுக்கு ஆண்டவன் விட்ட வழி.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்கா,

'ஐயா அவர்களுக்கு' என்று ஆரம்பித்த கடிதத்தை நாலு தடவை படித்தேன். எனக்கு வேண்டியதுதான்.

அந்தத் தெருவை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கேள்விகள் சரியாக வருகின்றனவா என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்க்கும் ஒத்திகை அது. வெளியிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்திருந்தார்கள். எங்கள் இயக்குநர் காலையில் பட்டியலில் விரலை வைத்துத் தெருவைச் சொன்னார். வேனில் போகும்போது, மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, இந்த மாதிரி இடமெல்லாம் நமக்குப் பழக்கமில்லைதான் என்று ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. சிரித்து முடித்த பிறகு, என் அக்கா வீடு அங்கேதான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? வேன் பம்ப் ஹவுஸ் முனையில் திரும்பும்வரை, வேறு வீட்டு வாசலில் நிற்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீ வெளியே உட்கார்ந்திருந்தாய். அதனால் உன் வாசலில் நின்றார்கள்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் பதில் வருவதற்கு முன் ஒரு நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், உன் படிவத்தைத் திறந்து ஐந்தாவது வரியில் கையை வைத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும். யாரும் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டு வேளை முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னை உன் வீட்டிலிருந்து நானே எடுப்பது ரெண்டாவது தடவையாக இருக்கும் என்று தோன்றியது. மூடிவிட்டேன். அது நல்ல குணமா கோழைத்தனமா என்று தெரியவில்லை.

யார் வீட்டு ஆள் என்ற விதியை எழுதியதே எங்கள் பிரிவுதான். கடந்த ஒரு வருடத்தில் ஆறு மாதமாவது அந்த வீட்டு அடுப்பில் சாப்பிட்டவர் வீட்டு ஆள். ரத்தம், பாசம் எதுவும் கணக்கில் வராது. அந்த வாக்கியத்துக்கு நாங்கள் மூன்று கூட்டம் போட்டோம். அப்போது பெருமையாகக்கூட இருந்தது. அந்த விதிப்படி நான் உன் வீட்டு ஆள் இல்லை, அக்கா. என் அறையில் அடுப்பே இல்லை, மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். அந்தப் பெண் என் அறைக்கு வந்திருந்தால் குழாய் உண்டு, கழிப்பறை உண்டு, படிப்பு உண்டு என்று எழுதிக்கொண்டு போயிருப்பாள். என் மதிப்பெண் பூஜ்யம்.

அறுவைக்கு வெளியில் என்ன ஆகும் என்று விசாரித்தேன். என்னால் முடியாது. முடிந்திருந்தாலும் நீ வாங்கியிருக்க மாட்டாய். அட்டை ஒன்றுதான் வழி. என் மேல் இருக்கும் கோபத்தை மாமாவின் இடுப்பில் காட்டாதே. எழுதிவிட்டேன், இதற்கும் திட்டு.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. கம்பெனியில் அவசர ஆர்டர். ஒரு கட்டுக்கு நூறு சட்டை, இந்த வாரம் மட்டும் ஒன்பது கட்டு. வீடு முழுக்கச் சட்டை. சின்னவள் அதன் மேலேயே தூங்குகிறாள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து விரல் மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உன் மாமாவுக்குப் போன வாரத்திலிருந்து புரண்டு படுக்கவும் முடியவில்லை. முதுகில் புண் வந்துவிட்டது. நானும் தையல்காரம்மாவும் சேர்ந்து திருப்பிப் போடுகிறோம். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். நாலு மாடிக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தவர், இப்போது நான் தண்ணீருக்குப் போய் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். நேற்று, நம்மைப் பற்றி ஏதாவது பட்டியல் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன கடிதத்தில், வீட்டு ஆட்களைக் கேட்டாள், சொன்னேன் என்று எழுதினேன். அது முழுசாக நிஜம் இல்லை. முதலில் கேட்டபோது நாலு பேர் என்றுதான் சொன்னேன்.

அந்தப் பெண் நல்ல பெண். வெயிலில் அலைந்து உதடு வறண்டு கிடந்தது. மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டில் குழாய் இருக்கா? இல்லை. கழிப்பறை? இல்லை. காஸ்? இல்லை. ஃப்ரிட்ஜ், டிவி, ஃபேன், சைக்கிள், வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கேட்டாள். ரேடியோவைக்கூட விடவில்லை. இல்லை, இல்லை, இல்லை. என்ன இல்லை என்று நமக்குத் தெரியாதா? ஆனால் ஒருத்தி எதிரே உட்கார்ந்து வரிசையாகக் கேட்க, நான் என் வாயால் வரிசையாகச் சொன்னது அன்றுதான். ஒன்றரை மணி நேரம். பெரியவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பெண்ணுக்கு எல்லாம் புரியும்.

கடைசிப் பக்கம் வந்தது. "இந்த வீட்டிலேயே அதிகமா படிச்சவங்க யாருக்கா, எதுவரைக்கும்?" என்று கேட்டாள். ஐந்தாவது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை தம்பி. ஒன்றுக்காவது 'இருக்கு' என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. "என் தம்பி இருக்கான், பதினேழு வருஷம் படிச்சவன், கவர்மெண்ட் ஆபீசர்" என்று சொல்லிவிட்டேன். அவள் திகைத்துப்போய், முதலில் நாலு பேர் என்றீர்களே என்றாள். மறந்துவிட்டது என்றேன். அவள் முதல் பக்கத்துக்குப் போய் உன்னைச் சின்னவளுக்குக் கீழே சேர்த்தாள். பெரியவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தாள். அந்த ஒரு நிமிடத்துக்கு உன் மாமாவின் இடுப்பை விலையாகக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் படிவத்தில் எல்லாம் இருக்கிறது. இந்த மாதிரி வாய் தவறுவதற்கு இடம் வைக்க மறந்துவிட்டீர்கள்.

சரி. எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் பெரிய அதிகாரி இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? அவரிடம் போய், அன்று வாசலில் தண்ணீர் கொடுத்தவள் என் அக்கா என்று சொல். நீ சொல்லிவிட்டாய் என்று தெரிந்த பிறகுதான், நீ என் வீட்டு ஆள் இல்லை என்று நான் சொல்வேன். நீ சொல்லாமல் நான் மட்டும் சொல்ல மாட்டேன்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை அவர் அறைக்குப் போனேன். அவருக்கு இந்த வருடம் ஓய்வு, மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒத்திகைக்குப் போனோமே சார், பம்ப் ஹவுஸ் தெரு, வாசலில் நூல் வெட்டிக்கொண்டிருந்த அம்மா என்று ஆரம்பித்தேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரே மாதிரி இல்லாத டம்ளர்களில் தண்ணீர் கொடுத்தார்களே, அவர்கள்தானே என்றார். ஆமாம் சார், அது என் அக்கா என்றேன்.

கையில் இருந்த காகிதங்களைக் கீழே வைத்தார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உள்ளே வந்து உக்காந்திருப்பேனேப்பா" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எந்தப் பேச்சுக்குப் பயந்து ஆறு வருடம் உன் வாசலை மிதிக்காமல் இருந்தேனோ, அந்தப் பேச்சே வரவில்லை.

உறவினர் படிவத்தை யாரும் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. நான் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருந்தேன். அதை எழுத்தில் கொடுத்துவிட்டேன். உன் படிவம் வேறொருவர் மேசைக்குப் போய்விட்டது. என்னைக் கால்நடைக் கணக்கெடுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி ஆடு, மாடு, கோழியைத்தான் எண்ண வேண்டும். அவை எதுவும் தம்பி என்று யாரையும் சேர்த்துச் சொல்லப் போவதில்லை.

இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கிடைத்த அன்றே போ.

தம்பி


மே 6

தம்பிக்கு,

கடைசி நாள் மத்தியானம் போய் எழுதிக் கொடுத்தேன். அங்கே எனக்கு முன்னால் அறுபது பேர். ஒரு அம்மா, தன் வீட்டில் டிவி இருப்பதாக எழுதிவிட்டார்கள், அது ஓடாத டிவி, அதன் மேல் துணி மடித்து வைத்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் இருக்கும் மாடியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் தெரியுமா?

ஏப்ரல் கடைசியில் விசாரணைக்கு ஆள் வந்தார். வயசான ஆள், நரைத்த மீசை, பாவம், மூச்சு வாங்கியது. பெரியவளைத் தையல்காரம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவள் இருந்தால் உன்னைச் சொல்லி, மாமாவும் எங்க வீடுதான் என்று சண்டைக்குப் போவாள். அவர் உன் பெயரை வாசித்து, இவர் இந்த வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். சுலபமாகத்தான் வந்தது. நூறு 'இல்லை'க்கு அப்புறம் இன்னொன்று.

அத்தோடு விட்டிருக்கலாம். அவருக்கு ஒரு கட்டம் பாக்கி இருந்தது. "கடைசியா எப்ப இங்க சாப்பிட்டார்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார். யோசித்தேன். பெரியவள் பிறந்து மூன்றாம் மாதம் நீ வந்தாய், ராத்திரி தங்கினாய், காலையில் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாய். அதுதான் கடைசி. எட்டு வருடம் ஆகிறது தம்பி. இத்தனை நாளாக நான் அந்த வேன் வந்த நாளிலிருந்து கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ரெண்டு வருடம் முன்பே நீ வருவதை நிறுத்திவிட்டாய். அது தெரிந்தும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. படிக்கிறான், பரீட்சை, வேலை தேடுகிறான் என்று நானாகவே ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எட்டு வருடம் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். தையல்காரம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன். அப்புறம் தண்ணீருக்கு நேரமாகிவிட்டது.

நேற்று அட்டை வந்தது. நாலு பெயர். உன் மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவன் பேரை எடுத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்று காலை அட்டையைக் காட்டித் தேதி வாங்கினேன், ஜூன் எட்டாம் தேதி அறுவை. பெரியாஸ்பத்திரி, ரெண்டாவது மாடி, ஆண்கள் எலும்புப் பிரிவு. தகவலுக்காக எழுதுகிறேன். வா என்று சொல்லவில்லை.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்கா,

நான் எட்டாம் தேதி வந்தேன்.

காலை ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தேன். கேட்டில் இருந்த காவலாளி அட்டை கேட்டார். நான் நோயாளியோட மச்சினன், என் அக்கா உள்ளே இருக்காங்க என்றேன். யாரிடமும் இதை இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கார்டுல உங்க பேர் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அட்டை வார்டில் அட்டையில் பேர் இருக்கிறவர்களைத்தான் விடுவார்களாம், பார்வையாளர் நேரம் என்று தனியாகக் கிடையாதாம், கூட்டத்தைக் குறைக்கப் புது உத்தரவாம். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. எங்களைப் போல யாரோ மூன்று கூட்டம் போட்டு எழுதியிருப்பார்கள்.

அலுவலக அடையாள அட்டை சட்டைப் பையில்தான் இருந்தது. அதைக் காட்டியிருந்தால் சல்யூட் அடித்து உள்ளே விட்டிருப்பார். எடுக்க மனம் வரவில்லை அக்கா. ஒரு தடவை உன் முன்னால் அதிகாரியாக வந்து நின்றது போதும்.

உன் போனுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்க டீக்கடையில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ரெண்டாவது மாடி வராந்தாவில் நீ வந்தாய். கையில் வாளி. முடியெல்லாம் நரைத்திருந்தது. வாளியை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். எழுந்து நின்றேன், வாய் வரவில்லை. நீ வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். லீவு ஒரு நாள்தான் கொடுத்திருந்தார்கள். ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மாமாவுக்கு எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுது.

தம்பி


ஜூன் 22

குச்சிக்கு,

உன் மாமாவை நேற்று முன்தினம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கம்பியும் ஆணியும் வைத்திருக்கிறார்கள். கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆறடி நடந்தார், அப்புறம் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதத்தில் கோல் வைத்து நடக்கலாம் என்கிறார் டாக்டர். சாரத்தில் ஏறும் வேலை இனி இல்லை. கீழே நின்று அடிக்கிற சுவராகப் பார்க்க வேண்டும்.

போன் வீட்டில் பெரியவளிடம் இருந்தது. தெரியாத நம்பர் என்று அவள் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் நான் வெந்நீருக்குக் கீழே வந்தபோது காவலாளியே சொன்னார். யாரோ ஒருத்தர் மச்சினன் என்று வந்தார், கார்டில் பேர் இல்லை, போகவும் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தார் என்று. ஒல்லியா என்று கேட்டேன். ஒல்லி என்றார். வாளியோடு ரோட்டைத் தாண்டி ஓடினேன். டீக்கடைக்காரர், இப்பத்தான் எழுந்து பஸ்ஸுக்குப் போனார் என்றார்.

அடையாள அட்டையைக் காட்டியிருந்தால் உள்ளே வந்திருப்பாய். மடையன். நாள் முழுக்க டீ குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். ஆனால் நீ காட்டாமல் போனதை உன் மாமாவிடம் சொன்னபோது என்னால் முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அவர்தான், அவனை வரச் சொல்லி எழுது என்றார்.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். எட்டு வருடத்தைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரையும் தூக்கிக்கொண்டு, உன் மாமாவையும் தூக்கிக்கொண்டு என்னால் முடியவில்லை. ஒன்றையாவது கீழே வைக்க வேண்டும்.

லீவு கிடைத்தால் வா. வீட்டு வாசலில் யாரும் கார்டு கேட்க மாட்டார்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்து சாப்பிடு. உங்கள் விதிப்படி ஐந்து மாதம்வரை பயமில்லை.

அக்கா